புதுப்பிப்பு: வாஷிங்டனில் கவிழ்ந்த தேனீ லாரி

2025 மே 30 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டிய லிண்டன் நகருக்கு அருகே தேனீப் பெட்டிகள் ஏற்றிய லாரி கவிழ்ந்ததை முன்பு எழுதியிருந்தேன். இது அதன் தொடர்ச்சி.

முதலில், 25 கோடித் தேனீக்கள் தப்பின என்ற அந்தக் கணக்கு. காவல்துறை சொன்னது, எல்லாச் செய்திகளிலும் ஓடியது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. சரக்கின் மொத்த எடை சுமார் 32 டன். ஒரு தேனீ ஏறத்தாழ 0.1 கிராம் என்றால் 25 கோடித் தேனீக்களே 25 டன் ஆகிவிடும். மரப்பெட்டி, அதனுள் அடையைத் தாங்கும் சட்டம், மெழுகு, தேன் எல்லாம் மீதி 7 டன்னுக்குள் அடங்குமா? ஒன்றிரண்டு கோடி என்றால் ஏற்கலாம்.

மீட்புக்கு 20-க்கும் மேற்பட்ட தேனீ வளர்ப்போர் திரண்டு பெட்டிகளை நிமிர்த்தி அடுக்கினார்கள். பறந்தவற்றை யாரும் துரத்திப் பிடிக்கவில்லை, பிடிக்கவும் முடியாது. பெட்டி வாசலில் சில வேலைக்காரத் தேனீக்கள் வயிற்றைத் தூக்கி, இறக்கையை விசிறி மணம் பரப்பும். அதை மோப்பம் பிடித்தே மற்றவை வந்து சேரும். தேனீக்கள் வெளியேறி மொய்க்கும் ஆபத்து இருந்ததால் பொதுமக்களை 200 கஜம் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

'ராணி நசுங்கியிருந்தால்?' என்று ஒருவர் கேட்டிருந்தார். பொதுவாக அந்தக் கூட்டத்தை ராணியுள்ள இன்னொரு கூட்டத்துடன் இணைப்பார்கள். நடுவே ஒரு செய்தித்தாளை விரிப்பார்கள் (நாளிதழுக்கு இப்படியும் ஒரு பயன்!). இரு பக்கமும் அதைக் கடித்துத் துளைப்பதற்குள் மணம் கலந்துவிடும். நேரடியாகச் சேர்த்தால் சண்டைதான். மூன்று நாளுக்கு உட்பட்ட புழுக்கள் உயிரோடு இருந்தால், அவற்றில் ஒன்றையே புது ராணியாக வளர்த்துக்கொள்வதும் உண்டு.