அம்பாசிடர் பெட்ரோல்: சூடான பிறகு ஐடிலிங் தடுமாறுது, சிக்னல்ல ஆஃப் ஆகுது

மார்க்4_ஈரோடு

வணக்கம். வண்டி 1989 அம்பாசிடர் மார்க் 4, 1489 சிசி பெட்ரோல். சோலக்ஸ் கார்புரேட்டர், பாயிண்ட் செட் (காயிலின் கரண்ட்டைத் துண்டித்து ஸ்பார்க் வரவைக்கும் தொடுமுனைகள்) உள்ள பழைய டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்புவது), மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப்.

காலையில் சோக் போட்டால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. அரை மணி நேரம் ஓடிய பிறகு ஐடிலிங் (ஆக்சிலேட்டர் மிதிக்காதபோது எஞ்சின் ஓடுவது) ஒரே சீராக இல்லை, மிஸ் அடிக்கிறது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துச் சிக்னலை நெருங்கும்போது சில நேரம் ஆஃப் ஆகிவிடுகிறது. சில நாள் ஒன்றுமே இல்லை. ஓட்டத்தில், 50-60 வேகத்தில், எந்தக் குறையும் தெரியவில்லை. பிளக், பாயிண்ட், கண்டன்சர் மூன்றும் புதிது. கார்புரேட்டரும் கழற்றிச் சுத்தம் செய்தாகிவிட்டது. அடுத்து எதைப் பார்ப்பது? காயில் (பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தருவது) மாற்றச் சொல்கிறார்கள்.

கரண்ட்டா_பெட்ரோலா

காயிலை இப்போதைக்கு வாங்காதீங்க. விட்டு விட்டு வரும் கோளாறுக்குப் பொருளை மாத்திக்கிட்டே போனா பணம்தான் கரையும். வண்டி நிக்கிற அந்த நிமிஷத்துல கரண்ட் இல்லையா, பெட்ரோல் இல்லையா, காத்து அதிகமாப் போகுதான்னு தெரியணும். அதுக்கு முன்கூட்டியே தயாரா இருக்கணும், ஏன்னா பத்து நிமிஷம் ஆறினா எல்லாம் சரியாயிடும்.

எப்படி நிக்குதுன்னு முதல்ல கவனிங்க. சுவிட்சை அணைச்ச மாதிரி பட்டுன்னு நின்னா பெரும்பாலும் கரண்ட். ரெண்டு மூணு முறை ஏறி இறங்கித் திணறி நின்னா பெட்ரோல் அல்லது காத்து.

காயில்ல சுவிட்ச் பக்கம் வர்ற முனையில (எஸ்டபிள்யூ அல்லது பிளஸ்) ஒரு சின்ன 12 வோல்ட் பல்ப் இணைச்சு, டேஷ்போர்டு வரைக்கும் ஒயர் இழுத்து, மறுமுனையை எர்த்துல வைங்க. வண்டி நிக்கும்போது பல்பும் அணைஞ்சா இக்னிஷன் சுவிட்ச், இல்லைன்னா அதுலேர்ந்து வர்ற ஒயர், கனெக்டர். பல்ப் எரிஞ்சுக்கிட்டே இருந்தா கோளாறு காயிலுக்கு அப்புறம். ஒரு எச்சரிக்கை: பாயிண்டுக்குப் போற முனையில (சிபி அல்லது மைனஸ்) பல்பை மாட்டிட்டு வண்டி ஓட்டாதீங்க. பாயிண்ட் திறக்கும்போது காயில் சக்தியை பல்ப் உறிஞ்சிடும், ஸ்பார்க் பலவீனமாகி புதுசா ஒரு மிஸ்ஸிங் வரும்.

நின்ன உடனே ஏர் கிளீனரைக் கழட்டி, கார்புரேட்டர் வாய்க்குள்ள பாத்துக்கிட்டே ஆக்சிலேட்டர் லிவரை ஒரு தடவை இழுங்க. பெட்ரோல் பளிச்சுனு பீச்சினா ஃப்ளோட் அறையில (கார்புரேட்டருக்குள்ள பெட்ரோல் தேங்குற இடம்) பெட்ரோல் இருக்கு. பீச்சலைன்னா டேங்க் மூடியைத் திறங்க. உஸ்ஸுன்னு காத்து உள்ளே இழுத்தா மூடியோட துவாரம் அடைப்பு. லிவரைத் தொடாமலே பெட்ரோல் சொட்டுதுன்னா அந்த அறைக்குப் பெட்ரோலை நிறுத்துற நீடில் வால்வு மூடலை, இல்லைன்னா சூட்டுல பெட்ரோல் கொதிச்சு வழியுது. அப்போ ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சுப் பிடிச்சு ஸ்டார்ட் பண்ணணும், பம்ப் பண்ணக் கூடாது.

ஸ்லோஜெட்

மேலே சொன்னது சரி. ஆனாலும் என் சந்தேகம் கார்புரேட்டர் மேலதான், குறிப்பா இப்போ வர்ற 20 சதவீத எத்தனால் பெட்ரோலால்.

சுத்தமான பெட்ரோலுக்கு 1 கிலோவுக்கு 14.7 கிலோ காத்து வேணும். 10 சதவீதக் கலப்புக்கு ஏறக்குறைய 14.1, 20 சதவீதத்துக்கு 13.5. இப்போதைய வண்டிகள்ல சென்சார் பாத்து சரி பண்ணிக்கும். நம்ம சோலக்ஸுக்கு அது தெரியாது, பழைய ஜெட் அளவுலயே ஊத்தும். அதனால கலவை லீன் ஆகும், அதாவது காத்து கூடி பெட்ரோல் குறையும். அது முதல்ல தெரியுறது ஐடிலிங்லதான், ஏன்னா அங்கே கலவை ஏற்கனவே விளிம்புல நிக்குது. மிக்சர் ஸ்க்ரூவை (ஐடிலிங் கலவையை மாத்துற திருகு) மெதுவா முட்டும் வரைக்கும் உள்ளே திருப்பி (இறுக்கினா முனையில வளையம் விழுந்து ஸ்க்ரூ கெட்டுடும்), ஒன்றரைச் சுத்து வெளியே எடுங்க. வண்டி நல்லா சூடான பிறகு, ஐடிலிங் அதிகமா ஏறும் இடத்தைத் தேடி நிறுத்துங்க, அப்புறம் வேகத்தை நிமிஷத்துக்கு 800 சுத்து அளவுக்குக் கொண்டு வாங்க. எவ்வளவு திருப்பினாலும் எஞ்சின்ல மாற்றமே இல்லைன்னா பெரும்பாலும் ரெண்டு காரணம்: ஐடில் ஜெட் அடைப்பு, அல்லது வேற எங்கேயோ காத்து இழுக்குது.

எத்தனால் டேங்க்ல இருந்த பழைய கசடையும் கரைச்சு விடும். நீங்க கார்புரேட்டரைச் சுத்தம் பண்ணினாலும் அது மறுபடி வந்து அடைக்கும். உள்ளே இருக்கிறது தெரியுற ஃபில்டர் ஒண்ணு பம்புக்கு முன்னாடி போடுங்க. பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பிப் போயிருக்கலாம். வளைச்சா வெடிப்பு தெரிஞ்சா எத்தனாலைத் தாங்கும்னு குறிச்சு விக்கிற ஹோஸா மாத்துங்க.

பெட்ரோல்ல எவ்வளவு எத்தனால்னு பார்க்க: அளவு உருளையில 10 மிலி தண்ணி, 90 மிலி பெட்ரோல். மூடி ஆட்டிட்டு வைங்க. எத்தனால் தண்ணியோட சேர்ந்துடும். கீழ்ப்படலம் 28 மிலி பக்கம் வந்தா 20 சதவீதம். திறந்த வெளியில செய்யுங்க, பக்கத்துல நெருப்பு வேண்டாம்.

பழையவண்டி_மதுரை

இந்த எஞ்சினுக்கே உரிய ஒரு விஷயம் யாரும் சொல்லலை. இதுல இன்டேக், எக்ஸாஸ்ட் ரெண்டும் ஹெட்டோட ஒரே பக்கம். 1, 2 சிலிண்டருக்குச் சேர்த்து ஒரே இன்டேக் வழி, 3, 4-க்கு இன்னொண்ணு. ஆகவே மேனிஃபோல்ட் (காத்துக் கலவையை ஹெட்டுக்குக் கொண்டுபோற குழாய்) பேக்கிங் ஒரு முனையில கசிஞ்சா அடுத்தடுத்த ரெண்டு சிலிண்டரும் சேர்ந்தே பலவீனமாகும். ஐடிலிங்ல ஒவ்வொரு பிளக் ஒயரா, இன்சுலேட்டட் இடுக்கியால பிடிச்சு, கழட்டி எர்த் பண்ணிப் பாருங்க. எதைக் கழட்டும்போது வேகம் இறங்கலையோ அதுதான் சோம்பேறி சிலிண்டர். 1, 2 ரெண்டும் இறங்கலைன்னா முன்பக்க மேனிஃபோல்ட் பேக்கிங்கைப் பாருங்க. ரெண்டுக்கும் நடுவுல ஹெட் கேஸ்கெட் போயிருந்தாலும் இப்படித்தான் காட்டும், அதைக் கம்ப்ரஷன் பாத்துப் பிரிச்சுக்கலாம்.

காத்து இழுக்குதான்னு பார்க்க கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடிக்கச் சொல்வாங்க. இந்த வண்டில கார்புரேட்டருக்கு நேர் கீழே எக்ஸாஸ்ட். தீ பிடிக்கும். காலையில ஸ்டார்ட் பண்ணின உடனே, மேனிஃபோல்ட் சூடாகுறதுக்கு முன்னாடி, தண்ணி ஸ்ப்ரே போதும். இணைப்புல தண்ணி பட்டதும் ஐடிலிங் ஒரு கணம் மாறினா அங்கே ஓட்டை. கார்புரேட்டர்ல ஆக்சிலேட்டர் சுத்துற த்ராட்டில் ஷாஃப்ட் ரெண்டு முனையும் மறக்காதீங்க.

கார்புரேட்டருக்கு அடியில இருக்கிற பேக்கலைட் கட்டையும் வெப்பத் தகடும் (எக்ஸாஸ்ட் சூடு கார்புரேட்டருக்கு ஏறாமத் தடுக்கிறவை) இருக்கான்னு பாருங்க. கழட்டி மாட்டும்போது யாரோ தூக்கிப் போட்டிருப்பாங்க.

மார்க்4_ஈரோடு

எல்லோருக்கும் நன்றி. பார்த்தவை: நிற்கும்போது பட்டென்றுதான் நிற்கிறது. பல்ப் எரிந்துகொண்டே இருக்கிறது. பெட்ரோல் நன்றாகப் பீச்சுகிறது. மிக்சர் ஸ்க்ரூ திருப்பினால் எஞ்சின் பதில் சொல்கிறது. பேக்கலைட் கட்டை, தகடு இரண்டும் இருக்கின்றன. பிளக் ஒயர் கழற்றினால் நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு இறங்குகிறது.

கரண்ட்டா_பெட்ரோலா

அப்போ கார்புரேட்டரை விட்டுடலாம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளே பாருங்க.

மூடியைக் கழட்டி, பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில நிறுத்தி, இக்னிஷன் போடுங்க. மல்டிமீட்டர்ல காயிலோட சிபி முனைக்கும் எர்த்துக்கும் நடுவுல அளங்க. 0.2 வோல்ட்டுக்குக் கீழே இருக்கணும். அதிகம்னா பாயிண்ட் முகத்துல எண்ணெய், அல்லது பேஸ் பிளேட் (பாயிண்ட் உக்காந்திருக்கிற தகடு) எர்த் சரியில்லை. இப்போ மீட்டரைப் பாத்துக்கிட்டே வாக்குவம் குழாயை (கார்புரேட்டர்லேர்ந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வர்ற மெல்லிய குழாய்) கார்புரேட்டர் பக்கம் கழட்டி வாயால உறிஞ்சுங்க, பிளேட் கொஞ்சம் சுத்தும். அப்போ மீட்டர் 12-க்குத் தாவினா உள்ளே வர்ற சின்ன ஒயர் உறைக்குள்ளேயே அறுந்திருக்கு. வெளியே பாத்தா முழுசாத் தெரியும். இதையெல்லாம் ரெண்டு நிமிஷத்துக்குள்ள முடிங்க, பாயிண்ட் மூடிய நிலையில இக்னிஷன் நீண்ட நேரம் இருந்தா காயில் சூடாகிக் கெடும்.

காலை எடுக்கும்போது மட்டும் ஏன் நிக்குதுங்கிறதுக்கும் இதுவே விளக்கம். ஓட்டத்துல வாக்குவம் பிளேட்டை ஒரு பக்கம் இழுத்துப் பிடிச்சிருக்கும். ஐடிலிங்குக்கு வரும்போது வாக்குவம் போய் பிளேட் திரும்பி வரும், அப்போ அந்த ஒயர் மடங்கும்.

மீட்டர் தாவலைன்னா அடுத்து ரோட்டார் (மூடிக்குள்ள சுத்தி ஸ்பார்க்கைப் பிரிச்சு விடுறது). காயில்லேர்ந்து வர்ற ஹை டென்ஷன் ஒயரை ரோட்டார் நடுத்தகட்டுக்கு 3 மிமீ மேலே பிடிச்சு கிராங்க் பண்ணுங்க. ஸ்பார்க் விழுந்தா ரோட்டார் ஷாஃப்டுக்குள்ளே கசியுது.

மார்க்4_ஈரோடு

உறிஞ்சியதும் மீட்டர் 0.1-லிருந்து 12-க்குத் தாவிவிட்டது. சாதாரண ஆட்டோ ஒயர் போட்டுக்கொள்ளலாமா?

கரண்ட்டா_பெட்ரோலா

வேண்டாம். கெட்டியான ஒயர் பிளேட்டைத் தடுக்கும், சீக்கிரம் மறுபடி அறும். நிறைய மெல்லிய இழை உள்ள, மென்மையான ஒயர், இல்லைன்னா டிஸ்ட்ரிபியூட்டருக்குன்னே விக்கிறதை வாங்குங்க. பிளேட்டை எர்த் பண்ற குட்டி ஒயரையும் சேர்த்து மாத்துங்க, அதுக்கும் அதே வயசு.

மாட்டும்போது பாயிண்ட் தூணில் உள்ள பிளாஸ்டிக் வாஷர் வரிசையைப் பாருங்க. கண்டன்சர் ஒயரும் இந்த ஒயரும் பாயிண்ட் ஸ்பிரிங்கைத் தொடணும், தூணைத் தொடக் கூடாது. தொட்டா ஸ்பார்க்கே வராது. பாயிண்ட் கேப் 0.40 மிமீ, அப்புறம் டைமிங், கடைசியா ஐடிலிங். கேப் மாறினா டைமிங்கும் மாறும், அதனால இந்த வரிசையை மாத்தாதீங்க.

ஸ்லோஜெட்

என் கணிப்பு இந்த வண்டிக்குப் பொருந்தலை, சரி. டைமிங் வச்ச பிறகு மிக்சரை இன்னொரு முறை சூட்டுல தொட்டுப் பாருங்க. அந்த ஃபில்டரை மட்டும் போட்டுடுங்க.