ஓடும்போதே நின்றுவிடும் என்ஜின்: பெட்ரோல் பம்ப்பை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2011ஆம் ஆண்டு வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் கார். 96,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரண்டு மாதங்களில் நான்கு முறை, ஓடிக்கொண்டிருக்கும்போதே என்ஜின் நின்றுவிட்டது. நான்கு முறையும் உச்சி வெயிலில், முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஓட்டிய பிறகே இப்படி ஆனது. கடைசியாக ஒட்டன்சத்திரத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில் நின்றபோது, ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்துவைத்து, இருபத்தைந்து நிமிடம் புளியமர நிழலில் காத்திருந்தேன். பிறகு முதல் செல்ஃபிலேயே கிளம்பிவிட்டது. மெக்கானிக் பிளக்குகளையும் பெட்ரோல் ஃபில்டரையும் மாற்றிவிட்டார். ஸ்கேனரில் பிழைக் குறியீடு எதுவும் இல்லை. வண்டி நின்றிருந்த சமயத்தில் என் தம்பி செல்ஃப் அடிக்க, நான் பின்சீட்டில் காதை வைத்துக் கேட்டதில், டேங்க்கிலிருந்து பெட்ரோல் அனுப்பும் பம்ப் இரையவில்லை. இதைச் சொன்னதும் மெக்கானிக், பம்ப்பை மாற்றியே ஆக வேண்டும் என்கிறார். மாற்றிவிடலாமா?

மறுமொழி 1
ஐயா, பம்ப்பை இப்போதே வாங்கிவிடாதீர்கள். இருபது ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கிறேன். இதே கதையில் பம்ப் மாற்றிப் பணத்தை விட்டவர்கள் பலர். முதலில் என்ஜின் எப்படி நிற்கிறது என்று சொல்லுங்கள். பெட்ரோல் போதாமல் நிற்கும் வண்டி பெரும்பாலும் சில விநாடிகளாவது இழுவை குறைந்து, திக்கித் திணறி, உதறிவிட்டுத்தான் நிற்கும். மின்சாரக் கோளாறு என்றால், யாரோ சாவியைத் திருப்பி அணைத்தது போல ஒரே வெட்டாக நின்றுபோகும்.

அடுத்து, ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள். கிளட்சை மிதிக்காமல் கியரிலேயே வண்டி உருளும்போது, சக்கரங்கள் என்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும் என்பதால், பெட்ரோல் வராவிட்டாலும் முள் சட்டென விழாமல் சுழற்சியைக் காட்ட வேண்டும். அப்போதே முள் சுழியத்தில் விழுந்தால், சுழற்சியைச் சொல்ல வேண்டிய கிராங்க் சென்சாரின் சைகை, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யு.வுக்குப் போகவில்லை, அல்லது ஈ.சி.யு.வுக்கே மின்சாரம் போகவில்லை.

கேட்டவர்
ஒரே வெட்டாகத்தான் நின்றது. நேற்று ஐந்தாவது முறையாக நின்றபோது மூன்றாம் கியரில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தேன். நீங்கள் சொன்னதை நினைவில் வைத்து, கிளட்சைத் தொடாமல் பார்த்தேன். வண்டி உருள்கிறது, முள் மட்டும் சுழியத்தில் படுத்துக்கிடக்கிறது.

மறுமொழி 2
ஈ.சி.யு.வுக்கு மின்சாரம் கொடுக்கும் மெயின் ரிலே என்ற மின்சுவிட்சையும் விட்டுவிடாதீர்கள். பழைய ரிலேயில் சால்டரிங் விரிசல் விட்டிருந்தால், சூட்டில் தொடர்பு விட்டு, ஆறியதும் சேர்ந்துகொள்ளும். வண்டி நின்ற நிலையில் சாவியைப் போட்டால் என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா, பம்ப் இரண்டு விநாடி இரைகிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் ரிலே பக்கம் சந்தேகம் வலுக்கும். இன்னொன்று: என்ஜின் நின்றதும் ஸ்டீயரிங் கனத்துவிடும், பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் ஓரிரு மிதிக்குத்தான் வரும். ஆகவே விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரங்கட்டுங்கள். வண்டி முழுதாக நிற்கும்முன் சாவியை மட்டும் உருவிவிடாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

கேட்டவர்
நேற்று சாவியைப் போட்டதும் விளக்கு எரிந்தது, பம்ப்பும் ஒரு கணம் இரைந்து அடங்கியது. செல்ஃப் அடித்தபோதுதான் இரையவில்லை.

மறுமொழி 1
அப்படியானால் பம்ப்பும் ரிலேயும் நன்றாகவே இருக்கின்றன. சாவி போட்டதும் ஈ.சி.யு. பம்ப்பைச் சில விநாடி ஓட்டிவிட்டு, என்ஜின் சுற்றுகிறது என்ற சைகை வந்தால்தான் தொடர்ந்து ஓட விடும். விபத்தில் என்ஜின் நின்ற பிறகும் பெட்ரோல் பாய்ந்துகொண்டிருக்கக் கூடாதல்லவா? செல்ஃப் அடிக்கையில் பம்ப் மௌனமாக இருந்தது, கிராங்க் சைகை இல்லாததன் விளைவு. குறியீடு பதிவாகாததை வைத்து சென்சார் நலம் என்று முடிவுகட்ட முடியாது. சைகை நின்றால், என்ஜினே நின்றுவிட்டது என்று ஈ.சி.யு. எடுத்துக்கொள்வதும் உண்டு.

உங்கள் வண்டியின் சென்சாரில் இரண்டு வயர்கள் மட்டுமே இருந்தால், உள்ளே இருப்பது பெரும்பாலும் வெறும் கம்பிச்சுருள். அதைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) பாருங்கள். பிறகு ஹேர் டிரையரால் நன்றாகச் சூடேற்றிக்கொண்டே பாருங்கள். மூன்று வயர் சென்சாரை இப்படி ஓம் வைத்துச் சோதிக்கக் கூடாது, அது வேறு வகை.

கேட்டவர்
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். இரண்டு வயர்தான். ஆறியிருந்தபோது 870 ஓம் காட்டியது. ஹேர் டிரையரை நான்கு நிமிடம் பிடித்ததும் எண்கள் தடுமாறி, பிறகு சுருள் அறுந்தது போலவே காட்டியது. மேசையில் வைத்து ஆறவிட்டதும் மறுபடி 870. புதிய சென்சார் போட்ட பிறகு, அதே சாலையில் அதே நண்பகலில் இரண்டு முறை போய்வந்தேன், நிற்கவில்லை. பழைய கனெக்டரின் பூட்டுக்கொக்கியும் உடைந்திருந்ததால் அதையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.