சிக்னலில் இன்ஜின் தானாக ஆஃப் ஆவது நின்றுவிட்டது: பேட்டரியா, சென்சாரா, இல்லை விட்டுவிடலாமா?

துரைப்பாக்கம் கலை:
எல்லாருக்கும் வணக்கம். என் கார் 2022 மாடல், 1 லிட்டர் டர்போ பெட்ரோல், மேனுவல் கியர். தினமும் துரைப்பாக்கத்துல இருந்து சிறுசேரி வரைக்கும் ஓ.எம்.ஆர்.லதான் ஓட்டம். சிக்னல்ல நியூட்ரல் போட்டு கிளட்சுல இருந்து காலை எடுத்தா இன்ஜின் ஆஃப் ஆகும், திரும்ப கிளட்ச் மிதிச்சா ஸ்டார்ட் ஆயிடும். ரெண்டு வருஷம் ஒழுங்கா வேலை செஞ்சுது. பொங்கல் லீவு முடிஞ்சதுல இருந்து ஆஃப் ஆகறதே இல்ல. வட்ட அம்புக்குறிக்குள்ள 'ஏ'ன்னு ஒரு படம் வருமே, அது இப்ப குறுக்குக் கோட்டோடதான் வருது. வேற எந்த வார்னிங் லைட்டும் இல்ல. காலையில ஸ்டார்ட் பண்றதுலயும் பிரச்சினை இல்ல.

சர்வீஸ் சென்டர்ல கேட்டா "வெயிலுக்கு அப்படித்தான் மேடம், ஏசி லோடு"ன்னுட்டாங்க. மார்கழி முடிஞ்ச காலையில, ஏசியே போடாம ஓட்டினாலும் ஆஃப் ஆகலையே, அதுல வெயில் எங்க வந்துச்சு? வீட்டுக்காரரோ "தொல்லை விட்டுது, ஸ்டார்ட்டர் மோட்டாராவது பிழைக்கட்டும்"னு சந்தோஷப்படறார். இது பழுதா? சரி பண்ணியே ஆகணுமா?

டீசல் பிரியன்:
உங்க வீட்டுக்காரர் கட்சிதான் நானும். நான் வண்டியில ஏறினதும் சீட் பெல்ட்டுக்கு முன்னாடி தேடறது, இந்த வசதியை நிறுத்தி வெக்கற அந்த ஆஃப் பட்டனைத்தான். சோழிங்கநல்லூர் சிக்னல்ல பச்சை விழுந்த அடுத்த நொடியே பின்னாடி பஸ்காரர் ஹாரன்ல கை வெச்சிடுவார். அந்த நேரத்துல இன்ஜின் உதறிக்கிட்டு எழுந்து வரணுமா? இன்ஜின் நின்னா ஏசி கம்ப்ரசரும் நிக்கும், வெறும் புளோயர்தான் ஓடும். அரை நிமிஷத்துல ஈரத்துணி வாடை மூக்குல ஏறும். தானா செத்ததை எதுக்குங்க உயிர்ப்பிக்கறீங்க?

கோவை எலக்ட்ரீஷியன்:
டீசல் பிரியன் சொல்றது அவரோட விருப்பமுங்க, அதுல நான் தலையிடல. ஆனா ஆஃப் பட்டனை நாமளா அமுக்கறது வேற, வண்டி தானாவே நிறுத்த மாட்டேங்கறது வேற. ரெண்டாவதுக்கு ஒரு காரணம் இருக்கோணும்.

கம்ப்யூட்டர் இன்ஜினை நிறுத்தறதுக்கு முன்னாடி ஒரு பெரிய பட்டியலையே பாக்கும். டிரைவர் பெல்ட் போட்டாச்சா, கதவும் பானெட்டும் சரியா மூடியிருக்கா, இன்ஜின் வேணுங்கற சூட்டுக்கு வந்திருச்சா, பிரேக் பூஸ்டர்ல வேக்குவம் போதுமான அளவு இருக்கா, ஏசி எவ்வளவு குளிர் கேக்குது, எல்லாத்துக்கும் மேல பேட்டரியில சார்ஜ் எவ்வளவு இருக்கு. இதுல ஒண்ணு ஒத்து வரலைன்னாலும் நிறுத்தாது. எங்க கடைக்கு இந்தப் புகாரோட வர்ற வண்டியில முக்கால்வாசி பேட்டரி விவகாரமாத்தான் இருக்கும். நெகட்டிவ் முனையில சின்னதா ஒரு கருப்புச் சென்சார் மாட்டியிருப்பாங்க. பேட்டரிக்குள்ள போற கரண்டு, வெளிய வர்ற கரண்டு, வோல்ட்டேஜ், சூடு எல்லாத்தையும் கணக்கு வெச்சுக்கறது அதுதான். சார்ஜ் முக்கால் பங்குக்குக் கீழ இறங்கிருச்சுன்னா, "நிறுத்திட்டா திரும்பக் கிளப்ப முடியாம போயிரும்"னு கம்ப்யூட்டர் நிறுத்தவே நிறுத்தாது. காலையில ஒழுங்கா ஸ்டார்ட் ஆகறதை வெச்சு பேட்டரி நல்லா இருக்குன்னு சொல்லிர முடியாதுங்க. பாதி சார்ஜ்லகூட ஸ்டார்ட் ஆகும்.

மூணு விசயம் சொல்லுங்க. பேட்டரி மாத்துனீங்களா? வண்டியில வெளிய வாங்கி மாட்டின சாமான் எதாச்சும் இருக்குதா? ராத்திரி நிறுத்தி வெச்ச வண்டியை, காலையில பூட்டைத் திறந்து கொஞ்ச நேரம் விட்டுட்டு, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி மல்ட்டிமீட்டர்ல பேட்டரி என்ன காட்டுது?

துரைப்பாக்கம் கலை:
பேட்டரி கம்பெனியில வந்தது, மாத்தல. மேல 'இ.எஃப்.பி.'ன்னு போட்டிருக்கு, இந்த மாதிரி தானா ஆஃப் ஆகற வண்டிக்குன்னே வர்ற வகையாம். வெளி சாமான்னா டேஷ்கேம் ஒண்ணுதான். பார்க்கிங்லயும் பதிவாகற மாதிரி பொங்கலுக்கு முன்னாடி ஒரு ஆக்சசரி கடையில நேரடியா வயர் இழுத்துக் குடுத்தாங்க. கீழ் வீட்டுத் தம்பி மீட்டர் வெச்சுப் பாத்தான், 12.2 காட்டுச்சு.

கோவை எலக்ட்ரீஷியன்:
நாள் கணக்கு சரியா விழுகுது பாருங்க. 12.6-க்கு மேல இருந்தா நிறைஞ்ச பேட்டரி. 12.2-ன்னா ஏறக்குறைய பாதி.

டேஷ்கேம் ரெண்டு வழியில தொல்லை பண்ணும். ஒண்ணு, ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சும். ரெண்டாவதைத்தான் யாரும் கவனிக்கறதில்ல. பானெட்டைத் திறந்து டேஷ்கேமோட கருப்பு வயர் எங்க போகுதுன்னு பாருங்க. நேரா பேட்டரி நெகட்டிவ் முனையிலயே கவ்வ விட்டிருந்தா, அந்தக் கரண்டு சென்சாருக்குள்ள நுழையாமலே போயிரும். கடையில யாருக்கும் தெரியாம கல்லாவுல கை வெக்கற மாதிரிதான், நோட்டுல ஒரு கணக்கு, பெட்டியில ஒரு கணக்கு. கம்ப்யூட்டர் நினைக்கற சார்ஜும் நிஜ சார்ஜும் ஒத்து வராது. ஒரு கட்டத்துல வோல்ட்டேஜ் இறங்கறதை வெச்சு அது கண்டுபிடிக்கும், அதோட ஸ்டாப் பண்றதை விட்டிரும்.

கருப்பு வயரை அங்கிருந்து எடுத்து பாடியில எர்த் போல்ட்டுக்கு மாத்துங்க. டேஷ்கேம்ல குறைஞ்ச வோல்ட்டேஜ் கட்-ஆஃப் இருந்தா 12.4-க்கு வெய்யுங்க. அப்புறம் வெளிச் சார்ஜர் போட்டு ஒரு ராத்திரி முழுக்க சார்ஜ் ஏத்துங்க. சார்ஜரோட கருப்பு கிளிப்பையும் பேட்டரி முனையில மாட்டாம பாடி எர்த்துல மாட்டோணும். இல்லைன்னா ஏத்துன சார்ஜும் சென்சார் கணக்குல வராது. முடிச்சுட்டு ஒரு ராத்திரி வண்டியைப் பூட்டி, தொடாம விடுங்க. பேட்டரி ஓய்வா இருக்கறப்பத்தான் சென்சார் தன் கணக்கைத் திருத்திக்கும்.

அந்த ஏரியா டிராஃபிக்ல ஊர்ந்து போறதை வெச்சு ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடறப்ப பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்தறது) தானா நிரப்பிரும்னு நம்பாதீங்க. இந்த வண்டிகள்ல மைலேஜ் மிச்சம் பிடிக்க ஆல்டர்னேட்டர் எந்நேரமும் முழு வீச்சுல சார்ஜ் பண்றதில்ல.

கடைசியா ஒண்ணு. எப்பவாச்சும் பேட்டரி மாத்தினா, விலை குறைவா இருக்குதுன்னு சாதா பேட்டரி மட்டும் போட்ராதீங்க. இ.எஃப்.பி. இருந்த இடத்துல இ.எஃப்.பி.தான். அடிக்கடி இறங்கி ஏறறதைச் சாதா பேட்டரி தாங்காது, சல்ஃபேட் படிஞ்சு சீக்கிரமே படுத்திரும். மாத்தின பிறகு ஸ்கேனர்ல "புது பேட்டரி"ன்னு பதிய வேண்டிய வண்டிகளும் உண்டு, விசாரிச்சுக்குங்க.

ஆக்டிங் டிரைவர் மணி:
நான் தினம் ஒரு வண்டி ஓட்டறவன், எல்லா கம்பெனியும் கை வெச்சாச்சு. கருவி மேல தப்பு இல்ல சார், போடற இடம்தான் பாக்கணும். மெட்ரோ வேலை நடக்கற ரோட்டுல பத்தடி போய் நின்னு, பத்தடி போய் நிக்கற இடத்துல இந்த வசதியை ஆஃப் பண்ணி வெச்சுடுவேன். ரெண்டு நிமிஷம் ரெட் காட்டற பெரிய சிக்னல்ல அதை ஆன்லயே விட்டுடுவேன், சிக்னல்ல ஓடற நம்பரைப் பாத்து அஞ்சு செகண்டு முன்னாடியே கிளட்ச் மிதிச்சா ஹாரன் எதுவும் வராது. நம்ம ஆட்டோக்காரங்க கம்ப்யூட்டர் இல்லாமலே சாவியைத் திருப்பி இதைப் பண்றவங்கதான்.

பயம் எங்கன்னா, ஓனர் மறக்கறதுலதான். இன்ஜின் சத்தம் இல்லையேன்னு வண்டி ஆஃப்னு நினைச்சு பெல்ட்டைக் கழட்டிட்டு இறங்கிடறாங்க. சில வண்டி கத்தும், சில வண்டி கத்தாது. இறங்கறப்ப மீட்டர் போர்டு இருட்டாயிடுச்சான்னு பாருங்க.

கணக்குப்பிள்ளை:
ஸ்டார்ட்டர் மோட்டார் பாவம்னு சொல்றவங்களுக்கு: இந்த வண்டிகள்ல ஸ்டார்ட்டர், அதோட பல்சக்கரம், கிராங்க் பேரிங் மேல இருக்கற பூச்சு எல்லாமே பல மடங்கு ஸ்டார்ட் கணக்குல செஞ்சதுதான். பழைய வண்டிக்குப் பொருந்தற பயம் இதுக்குப் பொருந்தாது.

காசு மிச்சமான்னா அது வேற கதை. சின்ன பெட்ரோல் இன்ஜின் ஏசியோட சும்மா நின்னா மணிக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவா குடிக்கும்னு வெச்சுக்கலாம். தினம் 15 நிமிஷம் சிக்னல், அதுல நம்ம வெயிலுக்கு இன்ஜினை நிறுத்த ஏசி விட்டுக்குடுக்கறது பாதி நேரம். 100 மில்லி மிச்சம், சுமாரா பத்து ரூபாய். மாசம் இருநூத்தம்பது. இ.எஃப்.பி. பேட்டரிக்கு ரெண்டாயிரம், மூவாயிரம் கூடக் குடுக்கறோம். மூணு நாலு வருஷம் ஓடினா லாபம்தான், ஆனா கார் வாங்கறப்ப சேல்ஸ்மேன் பேசின லாபம் இல்ல. அமெரிக்காவுல ஆர்கான் தேசிய ஆய்வகம் அளந்து பாத்து, 10 செகண்டுக்கு மேல நிக்கப் போறோம்னா ஆஃப் பண்றதே மேல்னு சொல்லியிருக்காங்க.

வண்டியை ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் பண்றப்பவும் கம்பெனி ஏன் இந்த வசதியை ஆன்லயே ஆரம்பிக்குதுன்னா, மைலேஜ் சோதனைதான். ரோலர் மேல ஓடற அந்த 20 நிமிஷ சோதனையில கிட்டத்தட்ட கால்வாசி நேரம் வண்டி நின்னுட்டுதான் இருக்கும். அங்க கிடைக்கற நம்பர் கம்பெனிக்கு. சிறுசேரி ரோட்டுல கிடைக்கற பத்து ரூபாய் நமக்கு.

டீசல் பிரியன்:
பத்து ரூபாய்க்கு டீகூட வராது இப்ப. நான் கிளட்சை மிதிச்சபடியே நிப்பேன், ஆஃப் ஆகாது. முடிஞ்சுது.

கோவை எலக்ட்ரீஷியன்:
ரெண்டு நிமிஷ சிக்னல்ல கிளட்சை மிதிச்சே நின்னீங்கன்னா, கிளட்சுல இருக்கற ரிலீஸ் பேரிங் தேஞ்சு கேக்கற காசுக்கு டீக்கடையே வெக்கலாமுங்க. பட்டனையே அமுக்கிக்குங்க.

துரைப்பாக்கம் கலை:
அப்டேட். கருப்பு வயர் நேரா பேட்டரி முனையிலதான் இருந்தது, சென்சாருக்கு மேலேயே திருகி வெச்சிருந்தாங்க. தெரு முனை எலக்ட்ரீஷியன் அதைப் பாடிக்கு மாத்திக் குடுத்தார். நீங்க சொன்ன மாதிரியே சார்ஜ் போட்டு, ஞாயிறு முழுக்க வண்டியைத் தொடவே இல்ல. திங்கட்கிழமை காலையில 12.6. அன்னிக்குச் சாயங்காலம் நாவலூர் சிக்னல்ல இன்ஜின் நின்னுது! வீட்டுக்காரர் பக்கத்துல உக்காந்து "ஆரம்பிச்சுட்டியா"ன்னார். இப்ப எங்களுக்குள்ள ஒப்பந்தம்: அவர் ஓட்டினா பட்டன் ஆஃப், நான் ஓட்டினா ஆன். டேஷ்கேம் பார்க்கிங் பதிவை வீட்டு வாசல்ல நிறுத்தினா அணைச்சுடறேன், ஆபீஸ்ல மட்டும் ஓடுது.

குன்னூர் வாசி:
இடையில ஒரு சந்தேகம். என்னோடது ஆட்டோமேட்டிக். சீசன்ல பர்லியார் ஏத்தத்துல வரிசையில நிக்கறப்போ சில சமயம் ஆஃப் ஆகுது, சில சமயம் ஆகறதில்ல. இதுவும் பேட்டரியா?

கோவை எலக்ட்ரீஷியன்:
இல்லீங்க. சரிவு ஒரு அளவுக்கு மேல போனா பல வண்டி நிறுத்தாது, ஸ்டீரிங் நல்லா திருப்பி இருந்தாலும் நிறுத்தாது. கொண்டை ஊசியில ரெண்டும் சேந்து வரும். சமதளத்துல, இன்ஜின் சூடானப்பறம், ஏசி குறைச்சு வெச்சுப் பாருங்க. அங்க ஒழுங்கா நிறுத்துச்சுன்னா எதுவும் பண்ண வேண்டாம். மலை ஏறறப்ப மட்டும் பட்டனை அமுக்கிட்டுப் போயிருங்க.