‘டெத் டோல்’ என்பதற்குப் ‘பலி எண்ணிக்கை’ போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம். ‘டெத் டோல்’ என்ற ஆங்கிலத் தொடருக்குப் ‘பலி எண்ணிக்கை’ என்பது வழக்கில் நிலைத்துவிட்டதால் புதிய சொல் தேவையில்லை என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. செய்தித்தாள் தலைப்புக்கு அது போதலாம். மக்கள் நலவாழ்வு, பேரிடர் மேலாண்மை ஆகிய துறைகளில் எழுதுவோருக்குப் போதாது.

அந்தத் தொடர் ஆங்கிலத்தில் அன்றாடம் எவ்வாறு வழங்குகிறது என்பதை முதலில் பார்ப்போம். ஒரு நாட்டில் ஓராண்டில் முதுமையாலும் நோயாலும் இயல்பாக நிகழும் இறப்புகளின் கூட்டுத்தொகையை யாரும் ‘டெத் டோல்’ என்பதில்லை. நிலநடுக்கம், புயல், போர், கொள்ளைநோய் என ஏதேனும் ஒரு காரணம் முன்னே நிற்க வேண்டும்; ஆஸ்திரேலியாவில் சாலை விபத்துகளில் இறந்தோரின் கணக்கை ‘ரோடு டோல்’ என்றே சொல்கிறார்கள். ‘டோல்’ என்றால் சுங்கம். சாவு மணி ஒலிப்பதையும் அதே ஒலியுடைய சொல்லால் குறிப்பதால், அதிலிருந்துதான் இத்தொடர் பிறந்தது என்று சிலர் கருதுகின்றனர்; ஆனால் அகராதிகள் அவற்றை இருவேறு சொற்களாகவே தருகின்றன. பேரிடர் வசூலித்துக்கொண்டு போன வரி என்பதே இங்குள்ள உருவகம். ‘புயல் நூறு பேரைப் பலி கொண்டது’ என்று நாம் எழுதும்போது, வேறு வழியில் நடந்து ஏறத்தாழ அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறோம்.

ஆயினும் ‘பலி’ என்பது நம் மொழியில் படைக்கப்படுவது. நடுகல்லுக்கு இட்டது பலி. காக்கைக்கு வைப்பது பலிச்சோறு. தேவாரத்தில் சிவன் பலி தேர்ந்து வீடுவீடாகச் செல்லும்போது அச்சொல்லுக்குப் பிச்சை என்று பொருள். எங்கும் கொடுப்பவர் ஒருவரும் கொள்பவர் ஒருவரும் இருக்கிறார்கள். மருத்துவமனையில் உயிர்வளி (ஆக்சிஜன்) கிடைக்காமல் இறந்த ஒருவரை யார் யாருக்குப் படைத்தார்கள்? செய்யுளிலும் மேடைப் பேச்சிலும் அந்த உருவகம் பொருந்தலாம். அரசு அறிக்கையின் அட்டவணைத் தலைப்பில் அது நிற்பது எனக்கு உறுத்துகிறது.

இதைவிடப் பெரிய தடை ‘எண்ணிக்கை’ என்ற பகுதியில் இருக்கிறது. 2017 செப்டம்பரில் மரியா என்னும் சூறாவளி, அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட கரிபியத் தீவான புவேர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியது. அரசு பல மாதங்கள் வரை சொல்லிவந்த எண் 64. இறப்புச் சான்றிதழில் புயலோடு தொடர்பு காட்டப்பட்டால்தான் ஒருவர் அந்த 64-க்குள் வர முடியும். மின்சாரம் இல்லாமல் சிறுநீரகச் சுத்திகரிப்பு நின்றுபோய் இறந்தவரின் சான்றிதழில் சிறுநீரகச் செயலிழப்பு என்று மட்டும் எழுதியிருந்தால் அவர் வெளியே நின்றார். ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புயலுக்குப் பிந்தைய ஏறத்தாழ ஆறு மாதங்களில் வழக்கமாக எதிர்பார்க்கக்கூடிய இறப்புகளைவிட எத்தனை மிகுதியாக நிகழ்ந்தன என்று மதிப்பிட்டனர். 2018 ஆகஸ்டில் அரசு ஏற்றுக்கொண்ட எண் 2,975.

அன்று ஆங்கிலச் செய்திகள் ‘டெத் டோல்’ உயர்ந்ததாக எழுதின. அதற்காக அன்று புதிதாக யாரும் இறக்கவில்லை, உயர்ந்தது கணக்கு. இதையே நாம் ‘பலி எண்ணிக்கை உயர்ந்தது’ என்று எழுதினால், மேலும் பலர் மாண்டார்கள் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். இறந்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு, எத்தனை பேரை நாம் கணக்கில் எடுத்தோம் என்பது வேறு. இந்த இடைவெளியைக் காட்டாத சொல் கலைச்சொல் ஆகாது என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே ‘இறப்புக் கணக்கு’ என்பதை முன்மொழிகிறேன். கணக்கு என்றால் அதை வைப்பவர் ஒருவர் உண்டு. அது தவறலாம், திருத்தப்படலாம், மறைக்கவும் படலாம். ‘கணக்கில் வராத இறப்புகள்’, ‘அரசின் இறப்புக் கணக்கு’, ‘திருத்திய இறப்புக் கணக்கு’ என்றெல்லாம் அது தடையின்றி விரிகிறது. ‘இறந்தோர் தொகை’ என்ற பரிந்துரையையும் எண்ணிப் பார்த்தேன். மக்கள்தொகை என்பதோடு அது இயைவது உண்மை. ஆனால் ‘இறந்தோர் தொகை அறிவிக்கப்பட்டது’ என்று படித்தவுடன் நம் மக்களுக்கு இழப்பீட்டுத் தொகையே நினைவுக்கு வரும். ‘இறப்பு எண்ணிக்கை’ என்பதைப் பொதுவான புள்ளிவிவரத்துக்கும், ‘இறப்பு விகிதம்’ (இலங்கை வழக்கில் ‘இறப்பு வீதம்’) என்பதை ஆயிரம் பேருக்கு இத்தனை என்ற கணிப்புக்கும் விட்டுவைக்கலாம்.

‘பாடி கவுன்ட்’ என்பதை இதனோடு சேர்க்க வேண்டா. வியட்நாம் போரில், பிடித்த நிலப்பரப்பைக் கொண்டு வெற்றியை அளக்க இயலாத அமெரிக்கப் படை, கொல்லப்பட்ட எதிரிகளின் உடல்களை எண்ணி அளந்தது. அந்த எண்கள் பெருக்கிக் காட்டவும்பட்டன. அதற்குப் ‘பிணக் கணக்கு’ என்ற கடுமையான சொல்லே தகும். இன்றைய இளைஞர் பேச்சில் அத்தொடர் பாலுறவுத் துணைகளின் எண்ணிக்கையைக் குறிப்பதாகவும் மாறிவிட்டதால், இடமறிந்தே மொழிபெயர்க்க வேண்டும். ‘கேஷுவல்டி’ என்பதிலோ படைத்துறை வழக்கில் இறந்தோர் மட்டுமன்றிக் காயமுற்றோர், சிறைப்பட்டோர், காணாமற்போனோர் ஆகியோரும் அடங்குவர். அதைப் ‘பலி’ என்று பெயர்ப்பது பிழை, ‘ஆளிழப்பு’ பொருந்தும்.

‘பலி’ இரண்டே எழுத்து, தலைப்பில் இடம் மிச்சமாகும் என்று இதழியல் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். ‘ஐந்து பேர் உயிரிழப்பு’ என்று ஆறெழுத்துச் சொல்லை அதே இதழ்கள் நாள்தோறும் தலைப்பில் அச்சிடுகின்றன. ‘இறப்பு’ நான்கே எழுத்து.