சத்தியம் செய்த இரண்டாம் நாள்

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். 16 ஆண்டுகள் குடித்தேன். கடைசி 4 ஆண்டுகளில், விடியற்காலையில் கொஞ்சம் குடித்தால்தான் கைநடுக்கம் அடங்கும் என்ற நிலைக்கு வந்திருந்தேன். சாராயத்துக்குப் பணம் இல்லாத நாட்களில் கசிப்பு, அதாவது கள்ளத்தனமாகக் காய்ச்சும் சாராயம்.

மாரியம்மன் திருவிழாவில் கற்பூரத்தின் மேல் சத்தியம் செய்து ஒரே நாளில் விட்டேன். மறுநாள் மாலை வலிப்பு வந்தது. அன்றிரவு சுவரெல்லாம் எறும்பு ஊர்வதாகக் கத்தினேனாம். எனக்கு நினைவில்லை, மனைவி சொல்லித்தான் தெரியும். அம்மன் குற்றம் என்று சொல்லிப் பெரியவர்கள் பூசாரியை அழைக்கப் போக, பக்கத்துக் காம்பராவில் இருக்கும் என் அண்ணன் 1990 அம்புலன்ஸுக்குத் தொலைபேசி எடுத்துவிட்டு, வாகனம் ஏற முடியாத எங்கள் மேட்டு லயத்து வரிசை வீடுகளிலிருந்து இளைஞர் மூவரோடு என்னைக் கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு பாதைக்கு இறங்கினார்.

வைத்தியசாலையில் டாக்டரம்மா விளக்கினார். பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால், மதுவுக்குப் பழகிய மூளை கட்டுமீறிக் கிளர்ந்து, முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பும், அதையொட்டி உயிரையே பறிக்கக்கூடிய மனக்குழப்பமும் வரலாம். அதனால்தான் அமைதிப்படுத்தும் மருந்தைக் கொடுத்து நாளுக்கு நாள் குறைத்து, வைட்டமின் பி1 ஊசியும் போடுகிறார்கள். "நீங்கள் விட நினைத்தது சரி, எங்களிடம் சொல்லாமல் விட்டதுதான் ஆபத்து" என்றார். அந்தச் சத்தியத்தை நான் இன்றும் மதிக்கிறேன், அது இல்லாவிட்டால் நிறுத்த நினைத்திருக்கவே மாட்டேன். ஆனால் அதற்கு முன் வைத்தியரைப் பார்க்க வேண்டும் என்று ஒருவராவது எங்களுக்குச் சொல்லியிருக்கலாம். வைத்தியரிடம் கசிப்பையும் மறைக்காமல் சொல்லுங்கள். நான் வெட்கத்தில் முதலில் மறைத்தேன்.

வீடு திரும்பிய பிறகு மாதந்தோறும் மனநல கிளினிக்குக்கு மனைவியோடு போகிறேன். ஆனால் கடினமான நாள் 10ஆம் திகதி, சம்பள நாள். அன்று அண்ணன் தொழிற்சாலை வாசலில் காத்திருந்து, கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு மலைவழியே என்னை வீட்டுக்கு நடத்திக் கூட்டிப்போவார். வழியில் குடியைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசமாட்டார்.

குடியை விட்ட ஐந்தாம் மாதம் ஒரு சாவு வீட்டில் தவறி மறுபடி குடித்துவிட்டேன். அண்ணன் முகத்தில் விழிக்க முடியாமல், நள்ளிரவில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்தேன். தமிழில் பேசியவர், எவ்வளவு குடித்தேன், இப்போது யார் அருகில் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டார். பேசி முடித்ததும் போய் அண்ணனின் கதவைத் தட்டினேன்.