புதுப்பிப்பு: ப → (க → க) எப்படி விழுகிறது, விடை கிடைத்துவிட்டது

யோசித்து எழுதிய எல்லோருக்கும் நன்றி. நான் கேட்டிருந்தது: க → க ('க என்றால் க') எப்போதும் உண்மைதானே, அப்புறம் பொருத்தத் தர்க்கத்தில் (முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் தொடர்பு இருந்தால்தான் 'என்றால்' செல்லும் என்னும் தர்க்கத்தில்) ப → (க → க) எப்படிச் செல்லாமல் போகும்?

"செல்லுபடியை 0 என்ற அடிப்படைப் புள்ளியில் மட்டும் பாருங்கள், மற்ற புள்ளிகளில் க → க பொய்யாகலாம்" என்ற யோசனைதான் பலித்தது. ரூட்லி–மேயர் மாதிரியில் புள்ளிகளை மூன்று மூன்றாக இணைக்கும் உறவு உண்டு: (ம, ந, ச) இருந்து, ந-வில் முன்பகுதி உண்மையானால் ச-வில் பின்பகுதியும் உண்மையாக வேண்டும், அப்போதுதான் ம-வில் 'என்றால்' நிற்கும். அந்த உறவில் (ம, ந, ச) என்று ஒன்றை வைத்தேன். ம-வில் ப உண்மை, ந-வில் க உண்மை, ச-வில் க இல்லை. அவ்வளவுதான், ம-வில் க → க விழுந்தது, (0, ம, ம) இருப்பதால் 0-வில் முழு வாக்கியமும் விழுந்தது.

எதிர்பாராதது, இந்த மாதிரி பி (B) என்ற அடிப்படையான பொருத்தத் தர்க்கத்துக்கு மட்டுமே போதும். அதைவிட வலுவான ஆர் (R) தர்க்கத்தில் (ம, ந, ச) இருந்தால் (ந, ம, ச)-வும் வேண்டும், இன்னும் பல நிபந்தனைகள் சேர்ந்து மாதிரி பெருத்துக்கொண்டே போனது. அங்கே இன்னொருவர் சொன்ன ஆர்எம்3 (RM3) என்ற மூன்று மதிப்பு உண்மை அட்டவணை அருமையாக உதவியது: மதிப்புகள் 1, 0, −1 (இங்கே 0 ஒரு மதிப்பு, மேலே சொன்ன புள்ளி அல்ல), முதல் இரண்டும் ஏற்கத்தக்கவை. பின்பகுதியின் மதிப்பு முன்பகுதியைவிடக் குறைந்தால் → −1 ஆகும். ப = 1, க = 0 என்றால் க → க = 0, முழுதும் −1. ஒரே வரியில் முடிந்தது. ஆரில் தேறுவதெல்லாம் அட்டவணையிலும் தேறும், அதனால் இங்கே விழுந்தது ஆரிலும் விழும். ஆனால் அட்டவணையில் தேறுவதெல்லாம் ஆரில் தேறிவிடாது, ப → (ப → ப) அப்படித்தான்.