மறுபடி நிரப்பும் கேப்சூலில் நம் ஊர்க் காப்பித்தூள்: ஒரு நாள் தண்ணீராய் வருகிறது, மறுநாள் வரவே மறுக்கிறது

பாளை_பென்ஷனர்:

அனைவருக்கும் வணக்கம். துபாயில் இருக்கும் என் மகன் கடந்த விடுமுறைக்குப் பாளையங்கோட்டைக்கு வந்தபோது ஒரு கேப்சூல் காப்பி இயந்திரத்தையும், அதில் போடும், தூள் அடைத்த சின்னக் குப்பிகளான கேப்சூல்கள் சில பெட்டிகளையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். கேப்சூல்கள் தீர்ந்த பிறகு விலையை விசாரித்தால், எனக்குக் கிடைக்கும் இடத்தில் ஒன்று 50 ரூபாய்க்குக் குறையவில்லை. நானும் என் மனைவியும் காலையிலும் மாலையிலும் ஆளுக்கொரு காப்பி குடித்தாலே ஒரு நாளைக்கு 200 ரூபாய், மாதத்துக்கு 6,000 ரூபாய் ஆகிறது. பென்ஷன் வாங்குகிறவன் வீட்டில் இது நடக்கிற காரியம் இல்லை.

ஆகவே இணையத்தில், மறுபடி நிரப்பிக்கொள்ளும் எவர்சில்வர் கேப்சூல்கள் இரண்டை வரவழைத்தேன். திருகு மூடியும் அதன் அடியில் ஒரு ரப்பர் வளையமும் உள்ளவை. வீட்டில் வழக்கமாக வாங்கும், 80க்கு 20 சிக்கரி கலந்த ஃபில்டர் தூளை விளிம்பு வரை நிரப்பி, கரண்டிக் காம்பால் நன்றாக அழுத்தி, மூடிப் போட்டேன். இயந்திரம் முக்கி முனகியதே தவிர, டம்ளரில் எட்டுப் பத்துச் சொட்டுக்கு மேல் விழவில்லை. மிச்சத் தண்ணீர் எல்லாம் பழைய கேப்சூல் விழும் பெட்டிக்குள் போய்த் தேங்கிவிட்டது. மறுநாள் அழுத்தாமல் பாதி அளவு மட்டும் போட்டுப் பார்த்தேன். பத்தே விநாடியில் மஞ்சளாக ஒரு தண்ணீர் வந்தது. என் மனைவி அதை முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பித்தளை ஃபில்டரை எடுத்துக் கழுவத் தொடங்கிவிட்டாள்.

குறை கேப்சூலிலா, தூளிலா, என் கையிலா? எவ்வளவு தூள் போட வேண்டும்? இப்படிச் செய்வதால் இயந்திரம் பழுதாகுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

வண்ணார்பேட்டை_அரவைக்கடை:

அண்ணாச்சிக்கு வணக்கம். நான் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். இதே குறையோடு சிலர் என் கடைக்கும் வந்திருக்கிறார்கள். கேப்சூல்மேல் பழி போட வேண்டாம். முதல் காரணம் சிக்கரி.

கடையில் விற்கும் கேப்சூலின் வாயில் மெல்லிய அலுமினியத் தகடு ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இயந்திரத்தின் ஊசிகள் பின்புறத்தைத் துளைத்துச் சுடுநீரை உள்ளே செலுத்தும்போது, அந்தத் தகடு கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். உள்ளே அழுத்தம் ஏறி, எதிரே இருக்கும் முள்தட்டின்மேல் தகடு உப்பிக் கிழிந்த பிறகுதான் காப்பி வெளியே வரும். நீங்கள் வாங்கிய எவர்சில்வர் கேப்சூலின் மூடியிலோ முன்கூட்டியே துளைகள் இருக்கின்றன. மடைப்பலகை இல்லாத வாய்க்கால் மாதிரி, தண்ணீரைத் தடுத்து நிறுத்த அங்கே தூளைத் தவிர வேறு எதுவும் கிடையாது. ஆகவே தூள் எவ்வளவு நைசு, எவ்வளவு எடை, எவ்வளவு சமமாகப் பரவியிருக்கிறது என்பவைதான் காப்பி எப்படி வரும் என்பதைத் தீர்மானிக்கின்றன. நீங்கள் பாதி நிரப்பியபோது தண்ணீர் மேலாக ஓடிவிட்டது.

நிரப்பி அழுத்தியபோது அடைத்துக்கொண்டதற்குத்தான் சிக்கரி காரணம். சிக்கரி என்பது ஒரு செடியின் வேரை வறுத்துப் பொடித்தது; காப்பிக்கொட்டையைவிட மிக எளிதாகத் தண்ணீரில் கரையும், தண்ணீரை உறிஞ்சி ஊதும், பிசுபிசுக்கும். நம் பித்தளை ஃபில்டரில் சுடுநீர் தன் எடையால் மெல்ல இறங்குவதால் இந்தப் பிசுபிசுப்பு நல்லதையே செய்கிறது. தண்ணீரைத் தாமதப்படுத்தி டிகாஷனைக் கெட்டியாக்குகிறது. 19 பார் அழுத்தம் வரை தள்ளக்கூடிய பம்ப் பின்னாலிருந்து அழுத்தும்போது, அதே பிசுபிசுப்பு களிமண் பூசியதுபோல மூடித் துளைகளில் போய் அப்பிக்கொள்கிறது. 1976இல் நெஸ்லே நிறுவனப் பொறியாளர் எரிக் ஃபாவ்ர் இந்தக் கேப்சூல் முறைக்கு வழி வகுத்தபோதும், 1986இல் நெஸ்பிரெசோ என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தபோதும், அவர்கள் கணக்கில் இருந்தது சுத்தமான காப்பித்தூள் மட்டுமே. நம் ஊரில் சட்டப்படி காப்பி 51 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் மீதம் சிக்கரி கலந்து விற்கலாம் என்பதால், உங்கள் 80க்கு 20 கலவை நம் கணக்கில் நல்ல தூள்தான். கேப்சூலுக்கு மட்டும் அது ஆகாது.

கடையில் சிக்கரி இல்லாத தூளாகக் கேளுங்கள். மூன்று பங்கு அராபிகா கொட்டை (பிளாண்டேஷன் அல்லது பீபரி), ஒரு பங்கு ரோபஸ்டா கொட்டை என்று கலந்து வாங்கினால், ரோபஸ்டா மேலே நுரை கட்டுவதற்கும் பாலில் காப்பியின் சுவை அமுங்கிப் போகாமல் இருப்பதற்கும் உதவும். அரவை ஃபில்டர் தூளைவிட ஒரு படி நைசாக இருக்கட்டும், ஆனால் மாவாகிவிடக் கூடாது. தூள் உப்பைவிடக் கொஞ்சம் நைசாக, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் நரநரப்பு தெரிகிற பதம் சரி. முதல்முறை 100 கிராம் மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பதம் சற்று மாறும். இன்னொன்று, வறுத்த கொட்டைக்குள் அடைபட்டிருக்கும் கரியமில வாயுதான் அந்த நுரையை எழுப்புகிறது. மாதக்கணக்கில் டப்பாவில் கிடந்த தூளிலிருந்து அது எப்போதோ போய்விட்டிருக்கும்.

அம்பை_வாசகி:

அரவைக்கடை அண்ணாச்சி சொன்னது முழுக்கச் சரி. நான் எடையைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் நானும் முதலில் கண் மதிப்பில் போட்டு ஒரு வாரம் அவதிப்பட்டேன். நகை நிறுக்கும் சின்ன மின்தராசு ஒன்று வாங்கி, கேப்சூலுக்கு 5 கிராம் முதல் 5.5 கிராம் வரை போடுகிறேன். போட்டவுடன் கேப்சூலை மேடைமேல் இரண்டு முறை மெதுவாகத் தட்டினால் தூள் தானாகச் சமமாகிவிடும். அதன் பிறகு விரல் நுனியால் லேசாகத் தொட்டு அமுக்கினால் போதும். விளிம்புக்குக் கீழே ஒரு நூல் அளவு இடம் விட வேண்டும், நனைந்தவுடன் தூள் உப்பும் என்பதால். நான் வாங்கும் தூள் கிலோ 900 ரூபாய். கிலோவில் 180 கேப்சூல் வரை நிரப்பலாம் என்பதால் ஒன்றுக்கு ஐந்து ரூபாய்தான் ஆகிறது.

ஆனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 5 கிராம் தூளில் 40 மில்லி டிகாஷன்தான் வரும். அதில் நம் வழக்கப்படி டம்ளர் நிறையப் பாலை ஊற்றினால், காப்பி வாசனை காட்டிய பால்தான் மிஞ்சும். பாலை 80 மில்லிக்குள் நிறுத்துங்கள்; பெரிய டம்ளர்தான் வேண்டுமென்றால் இரண்டு கேப்சூல் போடுங்கள். அளவு பொத்தானை நீட்டி அதே கேப்சூலில் 110 மில்லி எடுக்க ஆசைப்படாதீர்கள்; பின்னால் வருவது கசப்பு மட்டுமே. என் நாத்தனார் ஒருமுறை உடன்குடிக் கருப்பட்டியைப் பொடித்துத் தூளோடு கேப்சூலுக்குள்ளேயே போட்டுப் பார்த்தாள். அது பாகாகி உள்ளே ஒட்டியதைச் சுரண்டி எடுக்க ஒரு மத்தியானம் போயிற்று. கருப்பட்டியோ சீனியோ டம்ளருக்குள் மட்டும்தான்.

என்னைக் கேட்டால், வீட்டில் நாலு பேருக்குக் காப்பி என்றால் பித்தளை ஃபில்டரை மிஞ்ச எதுவும் இல்லை. மத்தியானம் திடீரென்று ஒருவர் வந்து நின்றால் ஒரே ஒரு காப்பி போடுவதற்குத்தான் நான் இயந்திரத்தை எடுக்கிறேன்.

தென்காசி_ரிப்பேர்:

ஐயா, வீட்டு உபயோகப் பொருள்களைப் பழுது பார்ப்பது என் தொழில் என்பதால் உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்கிறேன். சரியாகப் பயன்படுத்தினால் இயந்திரம் கெடாது, ஆனால் எச்சரிக்கை தேவை. வேறு கேப்சூல் போட்டதால் வரும் பழுதை உத்தரவாதத்தில் சேர்க்க மாட்டோம் என்று பல கையேடுகளில் எழுதியிருக்கும். உங்களுடையதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

தண்ணீர் பெட்டிக்குள் தேங்கியது என்றீர்களே, அது அடைப்பால் மட்டும் வருவதில்லை. கேப்சூலின் விளிம்பில் நாலு துகள் ஒட்டியிருந்தாலே ரப்பர் வளையம் படியாமல் தண்ணீர் பக்கவாட்டில் கசியும். மூடியைத் திருகுவதற்கு முன் விளிம்பைச் சுற்றிலும் உலர்ந்த விரலால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். வளையம் தளர்ந்தாலோ வெடித்தாலோ மாற்ற வேண்டியதுதான், உதிரியாகவே கிடைக்கும்.

கைப்பிடி மூட மறுத்தால் பலத்தைக் காட்டாதீர்கள். ஒரு வீட்டில் அப்படி அழுத்தி மூடி, எவர்சில்வர் கேப்சூல் கோணலாக உள்ளே சிக்கிக்கொண்டது. மின்இணைப்பை எடுத்து, ஆறவிட்டு, மரக்கரண்டிக் காம்பால் பின்னாலிருந்து நெம்பித்தான் எடுத்தேன். துளைக்கும் ஊசிகளில் ஒன்று வளைந்திருந்தது. இரவு முழுக்கக் கேப்சூலை உள்ளேயே விட்டுவைப்பதும் கூடாது. குடித்து முடித்ததும் எடுத்து, தட்டிவிட்டு, சுடுநீரில் கழுவிக் காய வையுங்கள். துளைகளில் தூள் நின்றால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பழைய பல்தூரிகையால் தேய்த்தால் போதும். காப்பிக்கு முன்னால் காலி கேப்சூலைப் போட்டு ஒருமுறை வெறும் தண்ணீர் ஓடவிடுங்கள். எவர்சில்வர் சூட்டை இழுத்துக்கொள்வதால், அப்படிச் செய்யாவிட்டால் முதல் காப்பி ஆறிப்போய்த்தான் வரும்.

ஆழ்குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு உள்ளே சுண்ணாம்பு படியும். தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரில் அந்தத் தொல்லை குறைவு. எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து, கையேட்டில் சொன்ன முறைப்படி ஓடவிட்டு, பிறகு இரண்டு மூன்று தொட்டி நல்ல தண்ணீர் ஓடவிடுங்கள். கடைசியாக ஒரு சந்தேகம்: உங்களுடையது பம்ப் அழுத்தத்தால் இயங்கும் பழைய வகையா, அல்லது கேப்சூலைச் சுழற்றும் வெர்ட்டுவோ வகையா? பின்னது கேப்சூல் விளிம்பில் உள்ள பார்கோடைப் படித்துத்தான் வேலை செய்யும் என்பதால், அதற்கு இந்த எவர்சில்வர் கேப்சூல் பொருந்தாது.

பாளை_பென்ஷனர்:

மூவருக்கும் மிக்க நன்றி. என்னுடையது பம்ப் வகைதான், 19 பார் என்று மேலேயே எழுதியிருக்கிறது. நீங்கள் சொன்னபடி சிக்கரி இல்லாத தூள் 100 கிராம் அரைத்து வாங்கி, 5 கிராம் நிறுத்துப் போட்டேன். முதல்முறை 15 விநாடியில் ஓடிவிட்டது. மறுநாள் அரை கிராம் கூட்டி, லேசாக அமுக்கியதில், 40 மில்லி வர 27 விநாடி ஆயிற்று. முதலில் கருந்தேன் போல நூலாக இறங்கி, போகப் போகப் பழுப்பாகி, மேலே ஒரு நுரை நின்றது. கேப்சூலைத் தட்டியபோது தூள் உடையாமல் ஒரு சீடை உருண்டையை நசுக்கியது போல வில்லையாக விழுந்தது. பெட்டிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

ஒரே குறை, என் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நம் காப்பி மாதிரி இல்லை என்கிறாள். அவள் தேடுவது சிக்கரியை என்று நினைக்கிறேன். அதற்கு வழி உண்டா?

வண்ணார்பேட்டை_அரவைக்கடை:

உண்டு அண்ணாச்சி. சிக்கரிப் பொடியை மட்டும் தனியாக 50 கிராம் வாங்கிக்கொள்ளுங்கள். கால் தேக்கரண்டிப் பொடியில் இரண்டு மேசைக்கரண்டி கொதிநீர் ஊற்றி, இரண்டு நிமிடம் மூடி வைத்து, துணியில் வடிகட்டி, மதினியின் டம்ளரில் மட்டும் பாலோடு சேர்த்துக் கொடுங்கள். கேப்சூலில் ஒரு துகள்கூடப் போக வேண்டாம். நிறமும் அந்தக் கெட்டித் தன்மையும் வந்துவிடும். கசப்பு கூடினால் அடுத்த முறை பொடியைப் பாதியாக்கிவிடுங்கள்.